பெட்டகத்துள் எழுந்த பேரொலி

'நைட் கிளப்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளியாதவர் நம்மவருள் மிகச் சிலரே. மதுவும் மயக்கமும், பகட்டும் படாடோபமும், விடிய விடியக் கூத்தும் என்பனவே அச்சொல்லோடு ஒட்டி நம் மனக்கண்முன் தோன்றுவன. அவ்வாறு தோன்றுதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆயின், ஒரு நகரத்து இரவு விடுதியில் நிகழ்வது வெறுங் களியாட்டமா, இசைக் கச்சேரியா என்ற வினாவை அந்நாட்டு நீதிமன்றமே எடுத்து ஆராய்ந்து, கச்சேரிதான் என்று தீர்ப்பளித்தது என்றால், அவ்விடுதியின் வரலாற்றை ஒருகால் அறிந்து வைத்தல் நமக்கும் பயனுடையதே.

அந்நகரம் ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லின். அங்கே ஒலிக்கும் இசை 'டெக்னோ' என வழங்கும் இலத்திரனியல் இசை. அதில் வயலின் இல்லை, பியானோ இல்லை, வாய்ப்பாட்டும் பெரும்பாலும் இல்லை. இயந்திரங்கள் எழுப்பும் தாளமும் ஒலியுமே அதன் உடலும் உயிரும். அவ்விசையைக் கேட்டு ஆடுதற்கென்றே பல நாடுகளிலிருந்தும் பேர்லினுக்கு வருவோர் உளர். அவருள் ஆழ்ந்த ஈடுபாடுடையோர், ஓர் இசைத்தட்டு ஒலிக்கத் தொடங்கியதும் அதனை ஆக்கியோன் யார், வெளிவந்த ஆண்டு எது என்று சொல்லவல்ல இரசிகர். நம் சபைகளில் முன்வரிசையில் அமர்ந்து, தொடையில் தாளம் போட்டவாறே பாடகரின் சிறு பிழையையும் கண்டுகொள்ளும் பெரியவர்களை நாம் அறிவோம் அல்லவா? அத்தகையோர் எக்கலைக்கும் உண்டு. பேர்லினில் அவர்கள் அமர்ந்து கேளாமல் ஆடிக் கேட்கின்றனர், வேற்றுமை அவ்வளவே.

இவ்விசைக்கு வீடாய் அமைந்த இடங்களுள் மூத்தவற்றுள் ஒன்று 'திரெசோர்'. ஜேர்மன் மொழியில் அச்சொல்லுக்குப் பணப்பெட்டகம் என்பது பொருள். பெயர் உவமையாய் இடப்பட்டதன்று. அது மெய்யாகவே ஒரு பெட்டக அறையாய் இருந்தது.

பெட்டகத்தின் பூர்வகதை

பேர்லின் நகரின் நடுவே, லைப்சிகர் வீதியில், 1897 ஆம் ஆண்டில் ஒரு பெரும் அங்காடி திறக்கப்பட்டது. யூத வணிகக் குடும்பத்தாராகிய வெர்ட்ஹைம் என்போர் அதன் உரிமையாளர். ஆல்பிரட் மெசல் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வகுத்தார். கண்ணாடிக் கூரை வேய்ந்த மண்டபமும், பல மாடிகளும், அலங்கார விளக்குகளுமாய்ப் பின்னும் பின்னும் விரிந்த அம்மாளிகை ஐரோப்பாவின் மாபெரும் அங்காடிகளுள் ஒன்றெனப் போற்றப்பட்டது. அதன் அடியில், தரைமட்டத்துக்குக் கீழே, தடித்த சுவர்களும் இரும்புக் கதவுகளும் கொண்ட நிலவறை ஒன்று இருந்தது. பணமும் பத்திரங்களும் நகைகளும் வைத்துப் பூட்டுதற்குரிய சிறு சிறு உருக்குப் பெட்டிகள் அதன் சுவர் நெடுக வரிசை வரிசையாய்ப் பதிக்கப்பட்டிருந்தன.

ஹிட்லரின் ஆட்சி வந்தது. யூதர் சொத்துக்கள் பறிக்கப்பட்ட அக்கொடிய காலத்தில் வெர்ட்ஹைம் குடும்பத்தாரும் தம் அங்காடியை இழந்தனர். கடையின் பெயரும் மாற்றப்பட்டது. அடுத்து வந்த உலக மகாயுத்தத்தில் குண்டு வீழ்ந்து மாளிகை எரிந்தது. எஞ்சி நின்ற சுவர்களும் 1950களில் இடித்து அகற்றப்பட்டன. பின்னர் 1961 ஓகஸ்ட் மாதத்தில் நகரைப் பிளந்து மதில் எழுந்தபோது, அவ்விடம் கிழக்கு பேர்லினின் எல்லையோரப் பாழ்நிலமாயிற்று. மேலே புல் முளைத்தது. கீழே நிலவறை இருப்பதை எவரும் எண்ணிப் பார்த்திலர்.

1989 நவம்பர் 9 ஆந் தேதி மதிலின் வாயில்கள் திறந்தன. அடுத்த ஆண்டிலேயே இரு ஜேர்மனிகளும் ஒன்றாயின. கிழக்குப் பகுதியில் எண்ணற்ற கட்டடங்கள் ஆளின்றிக் கிடந்தன. பல கட்டடங்களுக்கு உரியவர் யார் என்பதே தெளிவில்லை: யுத்தத்துக்கு முன் உரிமை கொண்டவரா, பறித்தவரா, அரசா? வழக்குத் தீரும்வரை, குறுகிய காலத்துக்கு, சொற்ப வாடகைக்கு அவ்விடங்களைப் பெறுதல் எளிதாயிருந்தது. அந்த இடைவெளியிலேதான் நம் கதை தொடங்குகின்றது.

டிமித்ரி ஹேகமான் என்பவர் மேற்கு பேர்லினில் 1982 இல் 'அட்டோனல்' என்னும் புதுமை இசைவிழாவைத் தொடக்கியவர். 1988 முதல் 'யூஃபோ' என்னும் சிறிய நிலவறைக் கிளப்பை நண்பரோடு நடத்தியவர். அது மூடப்பட்டபின் அவரும் தோழர்களும் வேறிடம் தேடி அலைந்தனர். லைப்சிகர் வீதியில் அவர்கள் கண்ட பாழ்மனையில் ஒரு கதவு. அதன் பின்னே கீழிறங்கும் படிக்கட்டு. இருளில் இறங்கிச் சென்றவர்கள் முன்னே துருவேறிய இரும்புக் கம்பிகளும், வாய் பிளந்து கிடந்த நூற்றுக்கணக்கான உருக்குப் பெட்டிகளும் தோன்றின. காற்றில் பல்லாண்டுப் புழுக்கம். பிறர் கண்ணுக்கு இடிபாடாய்த் தோன்றியிருக்கக் கூடிய அவ்விடத்தில் அவர்கள் ஓர் ஆடரங்கைக் கண்டனர். 1991 மார்ச் மாதத்தில் திரெசோர் திறக்கப்பட்டது.

கடல் கடந்து திரும்பிய நாதம்

இடம் பேர்லினுடையது, இசையின் பிறப்பிடமோ அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரம். மோட்டார் வாகனத் தொழிலின் தலைநகராய் விளங்கிய டெட்ரோயிட்டில் 1950 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 18 இலட்சத்து 50 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். தொழிற்சாலைகள் மூடின, 1967 இல் 43 உயிர்களைக் கவர்ந்த பெருங் கலவரம் நிகழ்ந்தது, வசதியுள்ளோர் புறநகர்களுக்குப் போயினர். 1990 இல் அந்நகரத்து மக்கள் தொகை 10 இலட்சத்துச் சொச்சமாய்ச் சுருங்கிற்று. அந்நகரின் அருகேயுள்ள பெல்வில் என்னும் சிற்றூர்ப் பள்ளியிற் பயின்ற ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்னும் மூன்று கறுப்பின இளைஞரே டெக்னோவின் மூலவர் எனக் கொள்ளப்படுவர்.

அவர்களுக்கு ஆசானாய் அமைந்தது வானொலி. 'எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற புனைபெயரில் இரவுதோறும் இசை ஒலிபரப்பிய அறிவிப்பாளர் ஒருவர், கறுப்பின மக்களின் ஆட்டப்பாட்டுக்களோடு, ஜேர்மனியின் டியூசல்டோர்ப் நகரத்துக் 'கிராப்ட்வேர்க்' குழுவினரின் இயந்திர இசையையும் கலந்து வழங்கினார். மனிதரே இல்லாத தொழிற்சாலை பாடுவது போன்ற அவ்விசை, தொழிற்சாலைகள் மனிதரைக் கைவிட்ட ஒரு நகரத்தில் வளர்ந்த சிறுவரின் செவியில் ஆழப் பதிந்தது. ஜேர்மனியில் எழுந்த ஒலி கடல் கடந்து டெட்ரோயிட்டில் வேறுருக் கொண்டு, மீண்டும் ஜேர்மனிக்கே வந்து சேர்ந்தது என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்று.

டெட்ரோயிட் இசைக்கு ஒரு தமக்கையும் உண்டு. சிக்காகோ நகரில் 1977 இல் 'வெயர்ஹவுஸ்' என்ற கிளப் தொடங்கியது. கறுப்பினத்தவர் என்பதாலும், ஒருபாற் காதலர் என்பதாலும் வேறிடங்களில் ஒதுக்கப்பட்டோர் அங்கே அச்சமின்றி ஆடினர். நியூயோர்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் அங்கு இசைத்தட்டுக்களை இசைத்தார். அவ்விடத்தின் பெயரின் ஈற்றுப்பகுதியே 'ஹவுஸ்' என ஓர் இசை வகையின் பெயராய் நிலைத்தது என்பர். அந்த ஹவுஸ் இசையை டெட்ரோயிட் இளைஞர் நன்கு அறிந்திருந்தனர்.

இவர்கள் கையாண்ட கருவிகளின் கதை இன்னும் விசித்திரமானது. ஜப்பானிய நிறுவனமாகிய றோலண்ட் 1980 இல் டி.ஆர். 808 என்னும் தாள இயந்திரத்தையும், 1981 இல் டி.பி. 303 என்னும் அடிநாத இயந்திரத்தையும், 1983 இல் டி.ஆர். 909 என்பதையும் வெளியிட்டது. துணைக்கு வாத்தியக்காரர் இல்லாமல் தனியே பயிலும் இசைஞருக்கு உதவியாய் இருத்தலே 303 இன் நோக்கம். கிற்றார் அடிநாதத்தைப் போல அது ஒலிக்கவில்லை. வாங்குவோரின்றி 1984 இல் உற்பத்தி நின்றது. பழைய சாமான் கடைகளில் மலிவு விலைக்குக் கிடந்த அதனைச் சிக்காகோ இளைஞர் வாங்கினர். அதன் திருகுகளைத் தாறுமாறாய்த் திருப்பியபோது எழுந்த நெளியும் ஒலி, 1987 முதல் 'அசிட்' எனப் பெயர் பெற்ற புதிய இசைக்கு வித்தாயிற்று. இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1982 இல், பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் என்பவர் இதே 303 ஐயும் 808 ஐயும் கொண்டு பத்து இராகங்களை இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார் என்பதும், அது அன்று கவனிப்பாரின்றிப் போய் 2010 இல் மறுபதிப்புக் கண்டபின் உலகோர் வியந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

இருவேறு இளைஞர், ஒரே தளம்

திரெசோர் நிலவறையில் முதன்முதல் ஆடியோர் யாவர்? கிழக்கு பேர்லின் இளைஞரும் மேற்கு பேர்லின் இளைஞரும் ஆவர். இருபத்தெட்டு ஆண்டுகள் மதிலால் பிரிக்கப்பட்டு, வெவ்வேறு ஆட்சியில், வெவ்வேறு பாடநூல்களைப் படித்து வளர்ந்தவர்கள். எனினும் வானொலிக்கு மதில் இல்லை. மேற்கு பேர்லின் வானொலியில் மொனிக்கா டீட்ல் என்னும் அம்மையார் ஒலிபரப்பிய புதிய ஆட்ட இசையைக் கிழக்கிலிருந்தோரும் கேட்டுப் பழகியிருந்தனர். மதில் வீழ்ந்தபின் அவர்கள் அவ்விசையைத் தேடி வந்தது வியப்பன்று. அரசியல்வாதிகள் ஒற்றுமையைப் பற்றி மேடையிற் பேசிக்கொண்டிருந்த வேளையில், இவ்விளைஞர் சொல்லே இல்லாத ஓர் இசைக்கு ஒருங்கு ஆடினர். பாட்டுக்கு மொழியிருந்தால் அது யாருடைய மொழி, யாருடைய கதை என்ற வினா எழும். தாளத்துக்கு அவ்வினா இல்லை.

திரெசோர் ஆடரங்காய் மட்டும் நின்றுவிடவில்லை. 1991 இலேயே இசைத்தட்டு நிறுவனமாகவும் வளர்ந்தது. அதன் முதல் வெளியீடு, டெட்ரோயிட்டின் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவைச் சேர்ந்த ஜெப் மில்ஸ், மைக் பாங்ஸ், ரொபர்ட் ஹுட் ஆகியோர் 'எக்ஸ் 101' என்ற பெயரில் ஆக்கிய இசைத்தட்டு. அக்குழுவினர் முகத்தைக் காட்டி விளம்பரம் தேடுவதை வெறுத்தவர்கள், முகமூடியணிந்து தோன்றியவர்கள். இசை பேசட்டும், இசைஞன் மறைந்திருக்கட்டும் என்பது அவர்தம் கொள்கை. சொந்த நாட்டில் பெரிய வானொலிகளும் பத்திரிகைகளும் திரும்பிப் பாராத அக்கலைஞரைப் பேர்லின் இரசிகர் ஆசிரியராய் மதித்தனர். ஜெப் மில்ஸ் சில காலம் பேர்லினிலேயே வாழ்ந்து அந்நிலவறையில் இசைத்தார். 1993 இல் வெளிவந்த ஒரு தொகுப்புக்கு 'பேர்லினும் டெட்ரோயிட்டும்: ஒரு டெக்னோக் கூட்டணி' என்ற கருத்துப்படத் தலைப்பிடப்பட்டது. யுத்தத்தால் பாழான நகரும், தொழில் வீழ்ச்சியாற் பாழான நகரும் கைகோத்தன எனலாம்.

உடலாற் கேட்கும் இசை

இனி, அந்நிலவறையில் நிகழ்வதுதான் என்ன என்பதைச் சிறிது விளக்குவோம்.

டெக்னோவின் முதுகெலும்பு ஒரே சீரான முரசடி. நிமிடத்துக்கு 120 முதல் 140 வரையிலான அடிகள் வழக்கம். 130 எனக் கொள்வோமாயின், ஒரு மணி நேரத்தில் 7,800 அடிகள் சற்றும் காலப்பிரமாணம் பிசகாது விழும். நான்கு நான்கு அடிகளாய் எண்ணப்படும் இத்தாளம் நம் ஆதிதாளத்தைப் போல் கணக்கு விரிந்ததன்று, மிக எளிது. எளிமையே அதன் உபாயம். தம்பூராச் சுருதி ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கையில் அதனை நாம் தனியே கேட்பதில்லை. அதன்மேல் எழும் நுண்ணிய அசைவுகளையே கேட்கிறோம். அதுபோல, முரசடி நிலைத்தபின் கேட்போர் செவி சிறு மாற்றங்களை நாடத் தொடங்குகின்றது. அடிகளுக்கு இடையே ஒரு சலங்கை போன்ற ஒலி நுழைகிறது. சில சுற்றுக்களின் பின் அது மறைகிறது. அடிநாதம் ஒரு கணம் நின்று மீள்கிறது. பழகாத செவிக்கு இது சலிப்பு. பழகிய செவிக்கோ ஒவ்வொரு நுழைவும் ஒரு செய்தி.

'டீஜே' எனப்படும் இசைத்தட்டுக் கலைஞரின் பணி யாது? இசைத்தட்டை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பதென்று எண்ணுதல் தவறு. அவர்முன் இரண்டு சுழல்மேடைகளும், நடுவே ஒலிகளைக் கலக்கும் பெட்டியும் இருக்கும். ஜப்பானிய டெக்னிக்ஸ் நிறுவனத்தார் 1972 இல் வெளியிட்ட எஸ்.எல். 1200 என்னும் சுழல்மேடை இக்கலைக்கு வரப்பிரசாதமாய் வாய்த்தது. வார் இன்றி மோட்டாரே தட்டை நேரே சுழற்றுவதால் கை வைத்து நிறுத்தினும் உடனே தன் வேகத்தை அது மீளப் பெறும். 1979 இல் வந்த அதன் திருத்திய அமைப்பில், வேகத்தை நூற்றுக்கு 8 வரை கூட்டவும் குறைக்கவும் உதவும் நகர்த்துகோல் ஒன்று பொருத்தப்பட்டது. ஒரு தட்டு நிமிடத்துக்கு 130 அடியாகவும் மற்றது 133 அடியாகவும் இருக்குமாயின், இரண்டும் ஒன்றாய் ஒலிக்கும்போது குதிரைகள் முந்தியும் பிந்தியும் ஓடுவது போன்ற குழப்பம் நேரும். கலைஞர் இரண்டாந் தட்டைத் தம் செவிக்குமட்டும் ஒலிக்கச் செய்து, வேகத்தைச் சிறிது சிறிதாய்த் திருத்தி, அடியோடு அடி பொருந்திய கணத்தில் இரண்டையும் கலக்கிறார். முதல் இசை எப்போது முடிந்தது, அடுத்தது எப்போது தொடங்கியது என்று கேட்போர் அறியாவாறு இரண்டினின்றும் மூன்றாவதோர் இசை பிறக்கின்றது. இவ்வாறு பல மணி நேரம் இடையறாது நடத்துதற்குக் கணக்கும் வேண்டும், நினைவாற்றலும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடுவோரின் மனநிலையை அறியும் நுண்ணுணர்வும் வேண்டும். எட்டுக்கட்டை ஏறிப் பாடவல்ல பாடகரும் சபையறியாவிடின் சோபிக்க முடியாதன்றோ?

இடமும் ஒரு வாத்தியமே. தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. விநாடிக்கு 50 அதிர்வுடைய ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 7 மீற்றர். இத்தகைய ஒலியைப் பெரிய ஒலிபெருக்கிகள் எழுப்பும்போது அது செவியில் விழுவதோடு நெஞ்செலும்பையும் உள்ளங்காலையும் அதிரச் செய்யும். திரெசோரின் கூரை தாழ்ந்தது, சுவர் தடித்தது. இரும்புக் கம்பிகளும் பெட்டிகளும் அவ்வொலிக்கு நடுங்கின. கம்பிகளின் பின்னே நின்று கலைஞர் இசைத்தார். புகைமூட்டமும், வெட்டி வெட்டி மின்னும் வெண்ணிற விளக்கும் தவிர வேறு ஒளி அரிது. அருகே ஆடுபவர் செல்வரா வறியரா, அழகரா அல்லரா என்று நோக்குதற்கு வழியில்லை. கண்ணின் ஆட்சி குறைந்த இடத்தில் செவியின் ஆட்சி ஓங்குகின்றது. பேர்லினின் பல கிளப்புக்களில் இன்றும் நிழற்படம் எடுத்தலைத் தடுப்பர். வாயிலிலேயே கைத்தொலைபேசியின் படக்கருவிமேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவர். வந்தவர் தம்மைக் காட்ட வராமல் கேட்க வந்தவராய் இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

இரவு முழுதும் ஆடுதற்கு நகரத்தின் பழைய சட்டமொன்றும் துணைநின்றது. விடுதிகளை இன்ன நேரத்தில் மூடவேண்டும் என்ற விதி மேற்கு பேர்லினில் 1949 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டிருந்தது. ஆதலின் சனி இரவு தொடங்கிய ஆட்டம் ஞாயிறு நண்பகலையும் கடந்து செல்லுதல் அங்கு புதுமையன்று.

பெருந்திரளால் வந்த கேடு

இவ்விசை நிலவறையினின்று வெளியேறி வீதிக்கு வந்த கதையும் உண்டு. 1989 ஜூலையில், மதில் வீழ்வதற்குச் சில மாதங்கள் முன்னர், டொக்டர் மொட்டே என்ற புனைபெயர் கொண்ட கலைஞர் ஒருவர் மேற்கு பேர்லின் வீதியில் ஓர் ஊர்வலம் நடத்தினார். வந்தவர் சுமார் 150 பேர். 'லவ் பரேட்' எனப் பெயரிய அவ்வூர்வலத்துக்கு, பத்தாண்டு கழித்து 1999 இல், 15 இலட்சம் பேர் திரண்டனர் என்று அமைப்பாளர் அறிவித்தனர். விளம்பரதாரர் சூழ்ந்தனர், தொலைக்காட்சி சூழ்ந்தது. இஃது அரசியற் சட்டம் காக்கும் மக்கட் கூட்டமா, வெறும் வேடிக்கையா என்ற வழக்கில், கூட்டமாகக் கொள்ள இயலாதென 2001 இல் ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் கூறிவிட்டது. பின் உரிமை கைமாறி, நகரம் மாறி, 2010 ஜூலை 24 இல் டூயிஸ்பேர்க் என்னுமிடத்தில் நடந்தபோது, ஒடுங்கிய சுரங்கப் பாதையொன்றை அடுத்து மக்கள் நெருக்குண்டு 21 இளையோர் மாண்டனர். அத்தோடு லவ் பரேட் என்றென்றைக்குமாய் முடிவுற்றது.

அம்மரணங்களுக்கு இசை காரணமன்று. ஏற்பாட்டின் குறையே காரணம். எனினும், சிலநூறு பேர் அறிந்து கேட்ட ஒன்று, இலட்சக்கணக்கானோர் பார்த்துச் செல்லும் காட்சியாய் மாறியபோது, அதனை நடத்துவோரின் கவனம் எதன்மேற் செல்லும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்னொரு குறையையும் மறைத்தல் அறமாகாது. இவ்விரவுகளில் போதைப்பொருள் புழங்குவது உண்மை. அதனால் உடல் கெட்டோரும் உயிரிழந்தோரும் உளர். தடுத்தல் மட்டும் போதாதென்று கண்ட பேர்லின் நகரத்தார், பாவனையாளர் கொணரும் பொருளில் நஞ்சு கலந்துள்ளதா என்று சோதித்து எச்சரிக்கும் இலவசப் பரிசோதனைச் சேவையை 2023 இல் தொடக்கினர். இசையில் ஆழ்ந்த இரசிகருள் ஒன்றும் அருந்தாது தண்ணீரோடு விடியும்வரை ஆடுவோர் உண்டு என்பதும் உண்மையே. இரண்டையும் ஒருங்கு சொல்லுதலே நேர்மை.

நீதிமன்றத்தில் எழுந்த வினா

முதலிற் குறித்த வழக்குக்கு வருவோம். பேர்லினில் இன்று உலகப் புகழ் வாய்ந்து விளங்குவது 'பேர்க்ஹைன்' என்னும் கிளப். குரோய்ஸ்பேர்க், பிரீட்ரிக்ஸ்ஹைன் என்னும் இரு பேட்டைகளின் பெயர்களின் ஈற்றை இணைத்து ஆக்கிய பெயர் அது. 1950களில் எழுந்த பழைய மின்நிலையமொன்றில், 18 மீற்றர் உயர்ந்த கூரையின்கீழ், 2004 இல் அது தொடங்கியது. ஜேர்மனியில் இசைக் கச்சேரிக்கு நுழைவுக் கட்டணத்தின்மீது விதிக்கும் வரி நூற்றுக்கு 7, களியாட்டங்களுக்கோ 19. பேர்க்ஹைன் எவ்வரியைச் செலுத்த வேண்டும்? வரி அதிகாரிகள் 19 என்றனர். மக்கள் குறித்த கலைஞரின் இசையைக் கேட்கவே வருகின்றனர், ஆதலின் 7 என்பது கிளப்பின் வாதம். கொட்புஸ் நகரிலுள்ள நிதி நீதிமன்றம் 2016 இல் கிளப்பின் பக்கமே தீர்ப்பளித்தது. வேறு கிளப்புக்களின் வழக்கில் 2020 இல் நாட்டின் உயர் நிதி நீதிமன்றமும் அவ்வழியே சென்றது. சுழல்மேடையும் கலப்புப் பெட்டியும் வாத்தியங்களாகவும், அவற்றால் புதிய ஒலித்தொடரை ஆக்குபவர் இசைஞராகவும் மதிக்கப்பட்டனர்.

வழக்கின் பொருள் வரிப்பணமே. ஆயினும் தீர்ப்பு நின்ற இடம் இரசிகரின் நோக்கம் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வந்தவர் எதற்காக வந்தார் என்பதே கச்சேரியையும் களியாட்டத்தையும் வகுக்கும் கோடாயிற்று. வாயிலில் நின்று காத்து, படம் எடாது, பெயரறிந்து கேட்ட இரசிகரே அவ்வழக்கின் உண்மையான சாட்சிகள்.

மேலும், கட்டட விதிகளின்படி இக்கிளப்புக்கள் சூதாட்ட விடுதிகளோடும் பரத்தையர் விடுதிகளோடும் ஒரே வகுப்பில் எண்ணப்பட்டு வந்தன. இவற்றை இசையரங்கு, நாடக அரங்குகளோடு சேர்த்துக் கலாசார நிலையங்களாய்க் கொள்ளவேண்டும் என 2021 மே மாதத்தில் ஜேர்மன் பாராளுமன்றம் தீர்மானித்து அரசைக் கோரியது. 2024 மார்ச்சில், பேர்லினின் டெக்னோக் கலாசாரம் ஜேர்மனியின் தேசிய அருவ மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது.

பட்டியலும் வாடகையும்

பெருமை வந்து சேர்ந்தது; வீடுகளோ போய்க்கொண்டிருக்கின்றன. திரெசோரின் நிலவறை இருந்த நிலம், நகரம் செழித்ததும் பெருவிலை பெற்றது. மனை முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. 2005 ஏப்ரலில் கடைசி இரவு நிகழ்ந்தது. பின்னர் கட்டடம் இடிக்கப்பட்டது. 2014 இல் அவ்விடத்தில் 'மோல் ஒஃப் பேர்லின்' என்னும் பெரும் அங்காடி எழுந்தது. வெர்ட்ஹைம் வழித்தோன்றல்களின் நெடுநாளைய வழக்கு 2007 இல் 8 கோடியே 80 இலட்சம் யூரோ இழப்பீட்டு உடன்பாட்டோடு முடிவுற்றது. அங்காடியாய்த் தொடங்கிய நிலம் மீண்டும் அங்காடியே ஆயிற்று. நடுவே பதினான்கு ஆண்டுகள் மட்டும், விற்பனைக்குரிய பண்டம் எதுவும் இன்றி, ஓர் ஒலி அங்கே குடியிருந்தது.

ஹேகமான் ஓய்ந்தாரல்லர். 1960களில் கிழக்கு பேர்லினுக்கு வெப்பம் வழங்குதற்கெனக் கட்டப்பட்டு, பின் கைவிடப்பட்ட நிலையமொன்றைக் கோப்பெனிக்கர் வீதியிற் கண்டு, 2007 மே மாதத்தில் திரெசோரை மீளத் திறந்தார். பழைய நிலவறையின் இரும்புக் கம்பிகளும் உருக்குப் பெட்டிகளும் அங்கே கொணர்ந்து பொருத்தப்பட்டுள்ளன. நீண்ட கொங்கிறீற்றுச் சுரங்கவழி ஒன்றினூடே நடந்தே அவ்வறையை அடைய வேண்டும்.

எல்லாக் கிளப்புக்களுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. வாடகை ஏறுகின்றது, அயலிற் புதிதாய்க் குடிவந்தோர் இரைச்சல் என்று முறையிடுகின்றனர். கிளப்புக்கள் சுவர்களுக்கு ஒலித்தடுப்பு அமைக்க உதவுமாறு 2018 இல் நகரத்தார் 10 இலட்சம் யூரோ நிதியொன்றை ஒதுக்கினர். 2020 இல் பெருந்தொற்று வந்து எல்லாக் கதவுகளையும் அடைத்தது. ஆற்றங்கரையில் இருபதாண்டுக்கு மேல் நடந்த 'வாட்டர்கேட்' என்னும் புகழ்பெற்ற கிளப், மரபுரிமைப் பட்டியல் வெளிவந்த அதே 2024 ஆம் ஆண்டின் இறுதி இரவோடு மூடப்பட்டது. 'கிளப் மரணம்' என்று அந்நகரத்தார் இதற்கு ஒரு சொல்லே ஆக்கி வைத்துள்ளனர்.

பட்டியலில் ஏறுவதால் ஒரு கலையின் பெயர் நிலைக்கும். வீட்டு வாடகை குறையாது. டெக்னோ பிறந்ததும் வளர்ந்ததும் எவரும் விரும்பாத இடங்களில். மோட்டார்த் தொழில் கைவிட்ட நகரம், வாங்குவாரற்ற இயந்திரம், உரியவர் தெரியாத நிலவறை ஆகிய இம்மூன்றுமே அதற்குக் கிடைத்த மூலதனம். அவற்றைக் கொண்டு இளைஞர் ஆக்கிய மதிப்பே அந்நகரைச் செல்வர் நாடும் நகராக்கிற்று; செல்வர் நாடியதால் வாடகை ஏறிற்று; வாடகை ஏறியதால் இளைஞருக்கு இடமில்லாதாயிற்று. கலைஞர் தம் வெற்றியாலேயே வீடிழப்பது பேர்லினுக்கு மட்டும் உரிய விதியன்று.

இவ்விசை நம் செவிக்கு இனிக்க வேண்டும் என்பதில்லை. நம் பிள்ளைகள் இத்தகைய இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்று எந்தத் தாய் தந்தையர்க்கும் நாம் பரிந்துரைக்கவும் இல்லை. ஆயினும், தமக்கு விளங்காத ஓசையை இளையோர் கேட்கக் காணும் பெரியோர், அஃது இசையா இரைச்சலா என்று தீர்ப்புக் கூறுமுன், பேர்லின் வழக்கில் நீதிபதிகள் செய்ததைச் செய்து பார்க்கலாம். ஒலிபெருக்கியை விட்டுவிட்டு, கேட்பவர் முகத்தை ஒரு கணம் நோக்கலாம். அங்கே கவனம் குடிகொண்டிருக்குமாயின், விசாரிக்க வேண்டியது இன்னும் மிகுதியாய் இருக்கின்றது என்று பொருள்.